ஹார்மோன் ஏற்பி மரபணுக்களும் ஆண்களின் குழந்தைப்பேறின்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணுச் சோதனை முடிவுகளை விளக்கிச் சொல்வது என் வேலை. எதிரே வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பிரித்து மேசை மேல் வைத்தால், ஏதோ ஓர் எண்ணைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டம் எத்தனை இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 'மலடு' என்ற சொல்லை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. அது யாரையும் விவரிப்பதில்லை, காயப்படுத்த மட்டுமே செய்கிறது.

ஹார்மோன் தெரியும். ஏற்பி என்பது என்ன?

ஹார்மோன் இரத்தத்தில் மிதந்து வரும் செய்தி. அது உடல் முழுவதும் சுற்றினாலும், அதைக் கேட்கக்கூடிய செல்லில்தான் வேலை நடக்கும். கேட்கிற அந்தக் காதுதான் ஏற்பி. சில ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும், சில உள்ளே இருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறும். அந்த மாற்றம்தான் 'வேலையைத் தொடங்கு' என்று செல்லுக்குச் சொல்கிறது.

ஏற்பி ஒரு புரதம். அதை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. குறிப்பில் ஓர் எழுத்து மாறினால் காது கொஞ்சம் மந்தமாகலாம், கூர்மையாகலாம், எந்த மாற்றமும் இல்லாமலும் போகலாம். முற்றிலும் கெட்டுப்போனால், ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

விந்தணு உருவாக எந்தெந்த ஏற்பிகள் வேண்டும்?

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் கிளம்புகிறது. அதைக் கேட்கும் ஏற்பி பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கிறது. பிட்யூட்டரி உடனே எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். ஏற்பி விந்தகத்தின் லேடிக் செல்களில் இருக்கிறது. அவை டெஸ்டோஸ்டீரோனைத் தயாரிக்கின்றன. எஃப்.எஸ்.எச். ஏற்பி செர்டோலி செல்களில் இருக்கிறது. டெஸ்டோஸ்டீரோனைக் கேட்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் அதே செர்டோலி செல்களில் இருக்கிறது.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது, விந்தணுவாக மாறப்போகும் செல்கள் இந்த இரண்டு செய்திகளையும் தாமாகக் கேட்பதில்லை என்பது. செர்டோலி செல்தான் கேட்கிறது, புரிந்துகொள்கிறது, ஊட்டி வளர்க்கிறது. பிள்ளை சார்பில் தாய் பேசுவதைப் போல. ஓர் அடிப்படைச் செல் விந்தணுவாக முதிர ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. எந்தச் சிகிச்சை தொடங்கினாலும் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

அறிக்கையில் 'மரபணு வேறுபாடு உள்ளது' என்று எழுதியிருக்கிறது. எனக்கு மரபணு நோயா?

அந்தச் சொல்லை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மரபணு மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மக்களிடையே பரவலாகக் காணப்படும் வேறுபாடு. இரத்த வகை ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் போல. மற்றொன்று, ஏற்பியையே முடக்கும் அரிய பழுது. முதல் வகை கோடிக்கணக்கான தந்தையரிடம் இருக்கிறது. இரண்டாவது வகை மிகச் சில குடும்பங்களில் மட்டும் இருக்கிறது.

என்னிடம் வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை முதல் வகை. எழுதியிருப்பது வேறுபாடா, பழுதா என்பதை முதலில் கேளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

ஹார்மோன் அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்கிறார் டாக்டர். பிறகு ஏற்பியில் எப்படிக் குறை வரும்?

இரத்தப் பரிசோதனை செய்தியின் அளவைச் சொல்லும். கேட்கிறவரின் காதைப் பற்றி நேரடியாகச் சொல்லாது. ஆனால் கவனித்துப் பார்த்தால் தடயம் கிடைக்கும். ஆண்ட்ரோஜன் ஏற்பி மந்தமாக இருந்தால், மூளைக்கும் டெஸ்டோஸ்டீரோன் குறைவாகவே கேட்கும். 'போதவில்லை' என்று அது எல்.எச்.சை உயர்த்தும், அதனால் டெஸ்டோஸ்டீரோனும் உயரும். இரண்டும் சேர்ந்து வரம்பின் மேல் விளிம்பிலோ அதைத் தாண்டியோ நின்றால் சந்தேகப்பட இடமுண்டு. வழக்கமாக ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் கைகோத்து ஏறுவது அசாதாரணம். மருத்துவர்கள் இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

'சரியான அளவு' என்று அச்சிடப்படும் வரம்பு அகலமானது. அதற்குள் ஒருவருக்கு எது இயல்பு என்பதை அந்தத் தாள் சொல்லாது.

'எஃப்.எஸ்.எச். ஏற்பி 680: அஸ்பராஜின்/செரின்' என்று இருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

எஃப்.எஸ்.எச். ஏற்பி 695 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அதன் மரபணு 2ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், எல்.எச். ஏற்பி மரபணுவுக்கு அருகில் இருக்கிறது. சங்கிலியின் 680ஆம் இடத்தில் சிலருக்கு அஸ்பராஜின், சிலருக்குச் செரின். மரபணுவின் 2039ஆம் எழுத்து ஏ-வா ஜி-யா என்பதைப் பொறுத்து இது அமைகிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி வருவதால் மூன்று சேர்க்கைகள் சாத்தியம். உங்களுடையது கலப்பு. பல நாட்டு மக்களிடம் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்.

307ஆம் இடத்திலும் இதே போன்ற வேறுபாடு ஒன்று உண்டு. அதுவும் 680ஆம் இட வேறுபாடும் பெரும்பாலும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. ஆகவே அறிக்கையில் இரண்டு வரிகள் இருந்தால் இரண்டு பிரச்சினை என்று எண்ண வேண்டாம்.

இரண்டு பிரதிகளிலும் செரின் உள்ள பெண்களுக்கு எஃப்.எஸ்.எச். சற்றுக் கூடுதலாக இருப்பதும், கருமுட்டை சிகிச்சையில் கூடுதல் மருந்து தேவைப்படுவதும் பதிவாகியிருக்கின்றன. அதாவது செரின் வகைக் காது கொஞ்சம் மந்தம். ஆண்களில் இதன் தாக்கம் இன்னும் மெல்லியது. தனியாக இதுவே விந்தணுவைக் குறைத்துவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

தனியாக இல்லை என்றால், வேறு ஏதாவது சேர்ந்தால் பாதிக்குமா?

ஆம், இந்தத் துறையில் நான் மிகவும் பொருட்படுத்தும் இடம் இது. எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கே ஒரு மரபணு உண்டு. அதன் தொடக்கத்துக்கு 211 எழுத்து முன்னால், ஜி இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு டி இருக்கும். அப்படி இருப்பவர்களுக்கு ஹார்மோன் சற்றுக் குறைவாகச் சுரக்கிறது. விந்தகத்தின் அளவும் சராசரியாகக் கொஞ்சம் சிறிதாக இருக்கிறது. இதோடு மந்தமான ஏற்பியும் சேர்ந்தால், மெதுவாகப் பேசுகிறவரும் காது மந்தமானவரும் சந்தித்த கதைதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், ஏற்பியின் தாக்கம் தனியாகப் பார்த்தபோது தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

ஏற்பி முற்றிலும் வேலை செய்யாவிட்டால் அவ்வளவுதானா?

எந்த ஏற்பி என்பதைப் பொறுத்தது. பின்லாந்தில் எஃப்.எஸ்.எச். ஏற்பியை முடக்கும் ஓர் அரிய பழுது 1995இல் பெண்களிடம் கண்டறியப்பட்டது. ஏற்பியின் 189ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். அந்தப் பெண்களுக்குக் கருப்பை சரியாகவே இருந்தும், சூலகம் வேலை செய்யவில்லை. அதே பழுதை இரண்டு பிரதிகளிலும் சுமந்த ஐந்து ஆண்கள் 1997இல் ஆராயப்பட்டார்கள். ஐவருக்கும் விந்தணுவின் எண்ணிக்கையிலோ தரத்திலோ ஏதோ ஒரு குறை இருந்தது. ஆனால் ஒருவருக்குக்கூட விந்தணுவே இல்லை என்ற நிலை இல்லை. அவர்களில் இருவர் தந்தையாகியிருந்தார்கள்.

680ஆம் இட வேறுபாட்டைப் பார்த்துக் கலங்கி வருகிறவர்களுக்கு இந்த ஐவரைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன். முடங்கிய ஏற்பியோடே தந்தையானவர்கள் உண்டு என்றால், சற்று மந்தமான ஏற்பி உங்கள் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடாது.

எல்.எச். ஏற்பி அப்படியல்ல. அது கருவிலேயே முடங்கினால் லேடிக் செல்கள் வளர்வதில்லை, டெஸ்டோஸ்டீரோன் இல்லாமல் ஆண் உறுப்புகளின் வளர்ச்சியே பாதிக்கப்படும். ஆண்ட்ரோஜன் ஏற்பி முழுதும் முடங்கினால், எக்ஸ்-ஒய் குரோமோசோம் கொண்ட குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகப் பிறக்கும். இவை பெரும்பாலும் திருமணத்துக்கு முன்பே, பருவ வயதிலோ அதற்கும் முன்போ தெரிந்துவிடும்.

எனக்கு 'சி.ஏ.ஜி. 26' என்று வந்திருக்கிறது. அதிகம் என்கிறார்கள். எவ்வளவு ஆபத்து?

அதிகமாக வட்டம் போடப்படும் எண் இதுதான். ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவின் முதல் பகுதியில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் மீண்டும் மீண்டும் வருகின்றன, ஒரே நிற மணிகளைக் கோத்ததைப் போல. ஒவ்வொரு மூன்றெழுத்தும் புரதத்தில் ஒரு குளூட்டமினைச் சேர்க்கிறது. ஆய்வகச் சோதனைகளில், இந்தச் சரம் நீளமாக இருந்தால் ஏற்பியின் வேகம் சற்றுக் குறைகிறது, குட்டையாக இருந்தால் கூடுகிறது.

ஆண்களில் இந்த எண் பெரும்பாலும் 21, 22 என்ற அளவைச் சுற்றி இருக்கும். பத்திலிருந்து முப்பத்தைந்து வரை இயல்பான வீச்சாகக் கொள்ளப்படுகிறது. 26 அந்த வீச்சுக்குள் சாதாரணமாகப் பொருந்துகிறது. விந்தணு குறைந்தவர்களையும் தந்தையானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முதல் குழுவின் சராசரி நீளம் மிகச் சிறிதளவு கூடுதல், அவ்வளவுதான். தனி மனிதர் ஒருவரின் எண்ணைப் பார்த்து இவர் தந்தையாவார், இவர் ஆகமாட்டார் என்று பிரிக்க அந்த வித்தியாசம் போதாது. மிகக் குட்டையான சரமும் அவ்வளவு நல்லதல்ல, நடுத்தர நீளமே பொருத்தம் என்று சொல்லும் ஆய்வும் இருக்கிறது.

38ஐ எட்டினாலோ தாண்டினாலோ விஷயம் வேறு. அது கென்னடி நோய் எனப்படும் நரம்புத் தசை நோய். காரணம் 1991இல் கண்டறியப்பட்டது. நடு வயதில் மெல்ல வரும் தசைத் தளர்ச்சி, மார்பு பெருத்தல், விந்தணுக் குறைவு அதன் அடையாளங்கள். அந்த எண் வந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தாடி, மீசை நன்றாக இருக்கிறது. தாம்பத்திய உறவிலும் குறை இல்லை. ஆண்ட்ரோஜன் ஏற்பியில் எப்படிக் குறை இருக்க முடியும்?

இருக்க முடியும். தாடி வளரத் தேவையானதைவிட, விந்தணு உருவாக விந்தகத்துக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டீரோன் பல மடங்கு அதிகம். ஆகவே ஏற்பியில் லேசான பழுது இருந்தால் மற்ற வேலைகள் எல்லாம் ஓரளவு நடந்து, விந்தணு மட்டும் குறையலாம். இதை லேசான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்கிறார்கள். ஆண்மை வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு. இதைத் தயவுசெய்து வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

ஏற்பி மந்தம் என்றால் டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டு ஈடுகட்டலாமே?

வேண்டாம். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் ஒருவர் தாமாகச் செய்துகொள்ளக் கூடாத காரியம் இது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தால், 'நிறைய இருக்கிறது' என்று மூளை எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் நிறுத்திவிடும். விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டீரோன் வற்றிப்போகும். இருந்த விந்தணுவும் குறையும், சிலருக்கு முற்றிலும் நின்றே போகும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளரக் கொடுக்கும் ஸ்டீராய்டுகளும் இதையேதான் செய்கின்றன.

ஒருவர் எட்டு மாதம் அப்படி ஊசி போட்டுக்கொண்டு, பிறகு மரபணுச் சோதனை கேட்டு வந்தார். ஊசியைப் பற்றி அவரிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மரபணுச் சோதனை அல்ல, ஊசியை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவது.

பிட்யூட்டரியில் உள்ள ஏற்பியில் பழுது என்றார்கள். அதற்கு வழி உண்டா?

இது எனக்கு மனம் நிறையப் பதில் சொல்ல முடிகிற கேள்வி. ஜி.என்.ஆர்.எச். ஏற்பியில் பழுது இருந்தால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டீரோன் மூன்றும் குறைந்திருக்கும். பருவ வளர்ச்சியே தாமதமாகியிருக்கும். ஆனால் விந்தகம் பழுதாகவில்லை, அதற்குச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான். எல்.எச். வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. ஊசியும் எஃப்.எஸ்.எச். ஊசியும் பல மாதங்கள் தொடர்ந்து கொடுத்தால் பலருக்கு விந்தணு உருவாகத் தொடங்குகிறது. ஆண்களின் குழந்தைப்பேறின்மையில் மருந்தால் நேரடியாகச் சரிசெய்யக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்று.

எஃப்.எஸ்.எச். ஊசி எனக்குப் பலன் தருமா என்பதை 680ஆம் இடச் சோதனை சொல்லிவிடுமா?

இன்னும் இல்லை. ஹார்மோன் அளவு சரியாக இருந்து விந்தணு மட்டும் குறைந்தவர்களுக்கு, மூன்று மாதம் இந்த ஊசி கொடுத்துப் பார்ப்பதுண்டு. ஓர் ஆய்வில் செரின் வகை உள்ளவர்களுக்கு எண்ணிக்கை கூடியது. இன்னோர் ஆய்வில், இரண்டு பிரதிகளிலும் அஸ்பராஜின் உள்ளவர்களுக்குத்தான் விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவு குறைந்தது. இரண்டும் அளந்தது வேறு வேறு, முடிவுகள் போன திசையும் வேறு. இதை வைத்து உங்களுக்கு ஊசி கொடுப்பதையோ மறுப்பதையோ யாரும் உறுதியாகச் சொன்னால், எந்த அடிப்படையில் என்று கேளுங்கள்.

ஓர் ஆய்வு தொடர்பு உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. ஏன் இப்படி?

பல ஆய்வுகள் சில நூறு பேரை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. மெல்லிய தாக்கத்தைக் கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கை போதாது. சி.ஏ.ஜி. சரத்தின் சராசரி நீளமே மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. ஒப்பிடும் இரு குழுக்களும் ஒரே பூர்விகத்தைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால் முடிவு தடுமாறும். 'விந்தணுக் குறைவு' என்ற ஒரே பெயருக்குக் கீழே பத்து வெவ்வேறு காரணங்கள் கலந்து கிடப்பது இன்னொரு சிக்கல். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு ஒரு மரபணுவைத் தேடினால், இருக்கும் தொடர்பும் மறைந்துபோகும்.

இது என் அம்மாவிடமிருந்து வந்ததாமே? அம்மாவிடம் சொல்லலாமா?

ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். எனவே சி.ஏ.ஜி. எண்ணும் இந்த ஏற்பியின் பழுதும் தாய் வழி என்பது உண்மை. எஃப்.எஸ்.எச். ஏற்பி அப்படியல்ல, இருவரிடமிருந்தும் வரும்.

வந்த வழி வேறு, குற்றம் வேறு. எந்தத் தாயும் எக்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. இரண்டில் ஒன்று தானாக வந்து சேர்கிறது. பரவலான வேறுபாடு மட்டும்தான் என்றால் அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. உறுதிசெய்யப்பட்ட பழுது என்றால், சகோதரிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பயன்படும் தகவல் என்பதால் சொல்வது நல்லது. அப்போதும் 'உன்னால்' என்ற சொல் வாயில் வர வேண்டாம்.

என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே, அவனுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை இல்லை?

அம்மாவின் இரண்டு எக்ஸில் உங்களுக்கு ஒன்றும் தம்பிக்கு மற்றொன்றும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஒன்றே வந்திருந்தாலும், மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களில் நீங்கள் இருவரும் வேறு. தம்பியின் மனைவியின் உடல்நிலையும் கணக்கில் வரும். விந்தணு குறைவாக இருந்தும் இயற்கையாகத் தந்தையானவர்கள் நிறையப் பேர்.

இக்ஸி முறையில் குழந்தை பெற்றால் என் மகனுக்கும் இதே பிரச்சினை வருமா?

இக்ஸி என்பது ஒரே விந்தணுவை ஊசி வழியே கருமுட்டைக்குள் செலுத்தும் முறை. 1992இல் அதன் வழிப் பிறந்த முதல் குழந்தைகள் பற்றி அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ரோஜன் ஏற்பியைப் பொறுத்தவரை, மகனுக்கு நீங்கள் கொடுப்பது ஒய் குரோமோசோம். ஆகவே உங்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பி அவனுக்குப் போகாது. மகளுக்குப் போகும். அவளிடம் இன்னொரு எக்ஸ் இருப்பதால் பொதுவாகப் பாதிப்பு தெரியாது. அவள் வழியாக உங்கள் பேரனுக்குப் போகப் பாதி வாய்ப்பு. இதைக் கேட்டதும் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள், இத்தனை நாளும் நேர் எதிராக நினைத்துக்கொண்டிருந்ததால்.

எஃப்.எஸ்.எச். ஏற்பியின் ஒரு பிரதி ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் போகும். மகனுக்கு அப்படியே கடந்துபோவது ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்ட குறைபாடு. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அப்படியானால் இந்த ஏற்பிச் சோதனைகளை எல்லாம் நான் செய்துகொள்ள வேண்டுமா?

எல்லாருக்கும் தேவையில்லை. முதலில் விந்துப் பரிசோதனை, ஒரு முறை குறைவாக வந்தால் இடைவெளி விட்டு மறுமுறை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், அசைவு 42 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். அதற்குக் கீழே வந்தாலும் வாய்ப்பு இல்லை என்று பொருளல்ல. பிறகு உடல் பரிசோதனை. விதைப்பையில் இரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறதா என்று கையால் பார்ப்பது இதில் அடக்கம். பிறகு ஹார்மோன்கள்.

விந்தணு அறவே இல்லை, அல்லது 50 லட்சத்துக்கும் குறைவு என்றால் குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் முன்னால் நிற்கின்றன. அவற்றின் முடிவு சிகிச்சையையே மாற்றும். ஆண்ட்ரோஜன் ஏற்பியை முழுதாக வாசிப்பது, நான்காவது கேள்வியில் சொன்னபடி எல்.எச்.சும் டெஸ்டோஸ்டீரோனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அர்த்தமுள்ளது. 680ஆம் இடம், சி.ஏ.ஜி. எண் இரண்டையும் எல்லாருக்கும் வழக்கமாகப் பார்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. முடிவு எதுவானாலும் அடுத்து செய்யப்போவது மாறாது என்றால், கவலையைத்தான் வாங்கி வருகிறோம்.

'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று போட்டிருக்கிறார்கள். இதை வைத்து நான் என்ன செய்வது?

ஏற்பியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது பழுதா வேறுபாடா என்று முடிவுசெய்யப் போதிய சான்று இன்றைக்கு இல்லை என்று பொருள். அதை நோய் என்று வைத்துக்கொண்டு சிகிச்சையை மாற்றக் கூடாது. கருவைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தக் கூடாது. தாய், தாய்மாமன் ஆகியோரிடம் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் சில நேரம் தெளிவு கிடைக்கும். குழந்தைகள் பெற்ற தாய்மாமனிடம் அதே ஆண்ட்ரோஜன் ஏற்பி மாற்றம் இருந்தால், அது பழுதாக இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே சோதனைக் கூடத்தில் மறுபடி கேளுங்கள். புதிய சான்றுகள் சேரும்போது இந்த வகைப்பாடு மாறுகிறது, பெரும்பாலும் 'தீங்கற்றது' என்ற பக்கமாகவே. அதுவரை அறிக்கையை மடிக்காமல் ஓர் உறையில் போட்டு, மரபணுவின் பெயரும் மாற்றம் நிகழ்ந்த இடத்தின் எண்ணும் உள்ள பக்கத்தை மேலே வைத்துப் பத்திரப்படுத்துங்கள். மறுபடி கேட்கப் போகும்போது தேவைப்படுவது அந்த ஒரு பக்கம்தான்.